ஏழாவது பொறி

மேசை மேல் ஆறு மாக்னெட்டோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பொறிகள் ஏழு.

கோட்லோப் ராப் மறுபடி எண்ணினான். மோட்டார் காரின் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கும் இந்தச் சின்ன இயந்திரங்களை இருட்டில் ஓடவிட்டால்தான் பொறியின் நிறம் தெரியும். நீலம் என்றால் தேறியது, சிவப்பு என்றால் கழிவு. அதனால் வெளியே ஸ்டுட்கார்ட்டில் நடுப்பகல் வெயில் அடித்தாலும் சோதனை அறையின் ஜன்னல்களில் எப்போதும் கறுப்புத் துணிதான். பெல்ட்டின் ஓயாத தட்தட், சூடேறிய அரக்கின் தித்திப்பு நெடி, அதற்கு நடுவே சுவர் அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு மினுக்கல். அங்கே இருந்தது பெல்ட்டே மாட்டாத ஒன்று. ஓய்கனின் காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது.

பயத்துக்கு முன்னால் அவனுக்கு ஆத்திரம் வந்தது. மூன்று வாரமாகவே அப்படித்தான். கார்களை ஓட்டிப் பார்க்கும் வேலையிலிருந்த ஓய்கன் க்னாப், தண்டவாளத்தைக் கடக்கும்போது பொறி செத்து வண்டி நின்றுபோய், எக்ஸ்பிரஸ் ரயிலில் அடிபட்டுச் செத்தான். அந்த மாக்னெட்டோவின் அடியில் ராப்பின் ‘ஆர்’ முத்திரை இருந்தது. சோதிக்கிறவன், தேறியதில் தன் எழுத்தைக் குத்தும் முத்திரை உளியைக் கழுத்தில் கட்டியிருப்பான். பெண்டாட்டி கையில்கூடக் கொடுக்க மாட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேஸ்திரி சாவ்ட்டர் வந்தார். வாயில் பிரெட்செல் ரொட்டி.

"என்ன ராப்பு, நாப்பது மாக்னெட்டோவும் முடிஞ்சுதா? சாயங்கால ரயிலுக்கு ஏத்தணும்."

"எஞ்சின் சூட்டுல ஒண்ணுகூட நிக்காது மேஸ்திரி. அடுப்புல மூணு நாள் இருக்க வேண்டிய கம்பிச் சுருளை ஒரே நாள்ல எடுத்துட்டீங்க. அரக்கு இன்னும் பிசுபிசுங்குது."

"போற வழியில காயும்."

"ஓய்கனுக்கும் இதையேதான் சொன்னீங்க!"

"அவன் குடிச்சிருந்தான்யா."

"பச்சைப் பொய்! அவன் பீரை மோந்துகூடப் பார்த்ததில்ல."

"சரி, உத்தமரே, நீங்க குத்த வேண்டாம். போன தடவை மாதிரி உளியைக் குடுங்க, நானே குத்திக்கிறேன். இல்லேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம். வாசல்ல பத்துப் பேர் நிக்கிறான்."

ராப்புக்கு அந்த மூஞ்சியில் அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் கை கழுத்துக்குத்தான் போனது. போன தடவையும் அந்தக் கை அப்படித்தான் போனது. அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். இப்போதும் கயிற்றை அவிழ்த்து உளியைக் கொடுத்தான். மேஸ்திரியை வெறுத்ததைவிட நூறு மடங்கு அந்தக் கையை வெறுத்தான்.

அடுத்த அறையில் மேஸ்திரியின் சுத்தியல் தொடங்கியது. ணங். அலமாரியில் சிவப்பு மினுக்கியது. ணங். மறுபடி மினுக்கியது. ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. வேண்டாமென்று நினைத்தும் எண்ணினான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

சுத்தியல் ஓய்ந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊதியது. பெல்ட் தளர்ந்து நின்றது. ஆறு நீலப் பொறிகளும் அணைந்தன.

ஏழாவது அணையவில்லை.

இருட்டில் காலடிச் சத்தம். கரி நெடி. ஈரத்தோல் நெடி. மேஸ்திரி உளியைத் திருப்பிக் கொடுக்க வருகிறார் என்று கையை நீட்டினான்.

"குடுங்க."

கதவு திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிவப்பு. அலமாரிப் பக்கம் ஒரு ஓட்டுநர் கோட்டு.

இருட்டு.

சிவப்பு. மேசைக்கு இந்தப் பக்கம். கோட்டுக்கு மேலே ஒன்றும் சரியாக இல்லை.

இருட்டு.

நீட்டிய கையை ஒரு தோல் கையுறை பிடித்து மேசை மேல் மல்லாத்தி வைத்தது. உள்ளங்கை நடுவில் சில்லென்று ஒரு முனை. எந்த எழுத்து என்று அவனுக்குத் தெரியும்.

சிவப்பு. இந்த முறை அது அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் அவன் உளியைப் பார்த்தான். அதற்கு நேர் மேலே ஓங்கிய சுத்தியலையும் பார்த்தான்.