குடும்பக் கப்பலில் ஒரு தாங்கி

“இன்னும் ஒரே ஒரு நாள் வச்சுக்கிடேன்ட்டி. உனக்கு என்ன வந்துரப் போவுது?”

“இன்னும் ஒரு நாளே கிடையாதுண்ணே. நாளைக்குக் காலையில தூத்துக்குடி. இன்னைக்குச் சாயங்காலம் மாற்றறையப் பூட்டிருவாங்க.”

“அப்பம் அதுக்குள்ள வாரேன்.”

“நேத்தும் இதத்தான் சொன்ன. முந்தாநாளும் இதையேதான் சொன்ன.”

“சொல்லியிருப்பேன்,” என்றான் ஆவுடையப்பன். கப்பலின் மேல்தளக் குளத்தில் அவன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். வயிற்றின் மேல் ஒரு ரப்பர் வாத்து உட்கார்ந்திருந்தது. அவன் மூச்சு விட விட வாத்து ஏறி இறங்கியது. அதைப் பார்த்து அவனே சிரித்துக்கொண்டான்.

அவனுடைய தங்கை செண்பகா கரையில் நின்றாள். நனையாத உடை, காலில் செருப்பு, தோளில் இரண்டு துண்டுகள். அண்ணனோடு சண்டை போடும்போதும் அவள் கண் அண்ணன் மேல் இல்லை. மஞ்சள் மிதவையில் காலடித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், ஐந்து வயது முகிலிடம் போனது. அங்கிருந்து சறுக்கு மரத்தின் உச்சியில் நின்ற அவன் அக்கா நிறைமதியிடம் போனது. மறுபடி முகிலிடம் வந்தது. யாரும் அவள் கண்ணை அனுப்பவில்லை. அதுவாகப் போனது, அதுவாக வந்தது.

குளத்தைச் சுற்றிலும் அவளைப் போலவே நனையாத ஆட்கள் நின்றார்கள். சாய்வு நாற்காலிகள் நிறையக் காலியாகக் கிடந்தன. அவர்களில் ஒருவர்கூட உட்காரவில்லை. அவர்கள்தான் தாங்கிகள்.

பிள்ளை தூங்கும்போதும் தூங்காத ஒரு மூலை பெற்றவர்களின் மூளையில் உண்டு. தும்மலுக்கும் இருமலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அடுத்த அறையிலிருந்தே அறிகிற மூலை. அந்த மூலையில் இருப்பதற்கு மருத்துவர்கள் பதைப்பு என்று பெயர் வைத்தார்கள். அதை வெளியே எடுக்க முடியும் என்றும் கண்டுபிடித்தார்கள். ஆனால் எடுத்தது கரைந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய தலையிலேயே முளைத்தது. இன்னொரு தலையில் கொண்டுபோய் வைத்தால் மட்டும் அடங்கிக் கிடந்தது. அந்தத் தலையும் அந்தப் பிள்ளைகளை அறிந்த தலையாக இருக்க வேண்டும். அதற்கான கருவிதான் பதைமாற்றி.

மருத்துவமனைகள் யோசித்துக்கொண்டிருந்தபோது கப்பல் கம்பெனிகள் அதை வாங்கிவிட்டன. குடும்பக் கப்பல்களில் பிள்ளைகள் துள்ளினார்கள். பெரியவர்களோ வந்ததைவிடக் களைத்துப்போய் இறங்கினார்கள், மறுவருடம் வரவில்லை. பிள்ளைகளோடு போகும் பயணத்தைப் பெரியவர்களும் ரசிப்பார்களா என்று வருடக்கணக்காகக் கூட்டம் போட்டுப் பேசியவர்களுக்கு ஒரே நாளில் விடை கிடைத்தது. குடும்பத்துக்கு ஒரு தாங்கி. தாங்கிக்குப் பயணச்சீட்டு இலவசம்.

“உனக்கும் சேத்தே டிக்கெட் போட்டுட்டேன்ட்டி,” என்று கோவில்பட்டிக்கு போன் பண்ணி ஆவுடையப்பன் சொன்னபோது செண்பகாவுக்குக் கண் கலங்கியது. அது இலவசச் சீட்டு என்று துறைமுகத்தில்தான் தெரிந்தது. “ஆளுக்கு ரெண்டு நாள் மாத்தி மாத்தி வச்சுக்கிடுவோம். மொதல்ல நீ. நீதான பிள்ளகுட்டி இல்லாம சும்மா இருக்க.”

அந்த ‘சும்மா’ அவள் நெஞ்சில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் கயத்தாற்றில் காற்றாலைகளின் இறகுகளைப் பழுது பார்க்கிறவள். கோபுர உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, பனைமரங்கள் புல்லைப் போலத் தெரிகிற உயரத்தில் தொங்கியபடி வேலை செய்வாள். காற்று அவளை ஆட்டும். அவளுக்கு அது ஊஞ்சல். அடுத்த மாதம் கடலுக்குள் நட்டிருக்கிற புதிய கோபுரங்களுக்கு அவளைத் தலைமையாகப் போட்டிருந்தார்கள்.

இப்போது அவளால் கப்பலின் கைப்பிடிக் கம்பி அருகே போக முடியவில்லை. கம்பிகளுக்கு இடையே ஒரு பிள்ளையின் தலை நுழையுமா என்று முதல் நாளே மனம் அளந்துவிட்டது. தொண்டையில் அடைக்காதபடி திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுத்தாள். அப்படி நறுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. படிக்கட்டு, சூடான குழம்பு, திறந்த கதவு, பிள்ளையிடம் சிரித்துப் பேசுகிற அந்நியர் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பற்கள் முளைத்திருந்தன. எட்டு நாளுக்குமேல் தங்கினால் பதைப்பு புதிய தலையில் வேர் பிடித்துவிடும். பிறகு எந்தக் கருவியாலும் பிடுங்க முடியாது. இன்று எட்டாவது நாள்.

“அண்ணே, இது எறங்கலேன்னா என்னால கோபுரத்துல ஏற முடியாது. என் வேல போயிரும். புரியுதா?”

“புரியுதுட்டி. பாவம்லா நீ,” என்றான் அவன், முழு மனதோடு. பிறகு வாத்தின் தலையைத் தட்டினான்.

அவளுக்கு அவனை அந்த வாத்தோடு சேர்த்துத் தண்ணீரில் அமுக்க வேண்டும் போலிருந்தது. கோபம் போய் மோதுவதற்கு எதிரே ஒரு சுவர் வேண்டும். அவனிடம் சுவர் இல்லை. எதைச் சொன்னாலும் மூழ்கி, வட்டங்கள் விரிந்து, மறுபடி சமமாகிவிட்டது.

அவள் இரண்டு பிள்ளைகளையும் துடைத்து, கையோடு இழுத்துக்கொண்டு மாற்றறைக்குப் போனாள். விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது.

மாற்றறைப் பொறுப்பாளர் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. எதிரெதிரே போட்டிருந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த பதைமாற்றியின் வெண்கலத் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தகடு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

“காலையில இருந்து யாராச்சும் வந்தாங்களா?”

“தாங்கிக வந்து சத்தம் போட்டுட்டுப் போறாக. வாங்கிக்க வேண்டியவுக ஒருத்தரும் வரல, அக்கா.”

“நீங்க கூப்பிட வேண்டியதுதான?”

“ஒலிபெருக்கியில சொல்லிக்கிட்டேதான் இருக்கோம். கேட்டுட்டுக் கை தட்டுறாக.” ஜெசிந்தா துணியை மடித்தாள். “இங்க நடந்து வரணும்னாலே கொஞ்சம் பதைப்பு வேணும்லா. அதத்தான் எடுத்துட்டோமே.”

“அப்ப திரும்பக் குடுக்கது எப்பிடின்னு கம்பெனியில ஒருத்தரும் யோசிக்கலையா?”

“ஏறுறதுக்குத்தான விளம்பரம். எறங்குறதுக்கு யாரு விளம்பரம் போடுவா?” என்றவள், குரலைத் தணித்து, “அவுகளக் கூட்டிட்டு வந்தாலும் பாதி வேலதான் பாத்துக்கிடுங்க. குடுக்கவுக மனசும் வாங்குறவுக மனசும் சேந்து இசையணும். ஒண்ணு மறுத்தாலும் தகடு எடுக்காது” என்றாள்.

“நான் மறுப்பனா? தலையோட கழட்டித் தந்துருவேன்.”

முகிலின் செருப்பு வார் அவிழ்ந்திருப்பதைக் கண்டு ஜெசிந்தா குனிவதற்குள் செண்பகா அதை மாட்டி முடித்திருந்தாள்.

மதினி பொற்கொடி பாட்டுக் கூடத்தில் இருந்தாள். மேடையில் ஏறி, கண்ணை மூடி, ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துப் பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்பதே செண்பகாவுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து இறங்கியவள் முகம் கல்யாணப் படத்தில் இருந்த முகமாக இருந்தது.

“மதினி, அண்ணன் வர மாட்டான். நீங்களாச்சும் வாங்க.”

“எங்க?”

“மாற்றறைக்கு. உங்க பிள்ளைகளோட பதைப்ப நீங்க திரும்ப எடுத்துக்கிட வேண்டாமா?”

பொற்கொடி யோசித்தாள். அந்த யோசனையில் அவசரமே இல்லை. “ஒம்பது வருசமா நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கல, செண்பகா. ஒனக்குத் தெரியுமா?”

“இப்பத் தெரியுது.”

“இந்த ஒம்பது வருசத்துல நீ எத்தன தடவ எங்க வீட்டுக்கு வந்திருப்ப? பிள்ளைகளுக்கு முட்டாய் வாங்கிட்டு வருவ, தூக்கிச் சுத்துவ, சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவ. மதினி, ஒரு நாள் நான் பாத்துக்கிடுதேன், நீங்க படுங்கன்னு ஒரு வார்த்த சொன்னியா?”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். செண்பகாவின் முகம் சூடேறியது. அது உண்மை என்பதால் கோபம் இரட்டிப்பானது.

“அதுக்கு என் தலையிலயே கட்டிட்டுப் போயிருவீங்களா? என் வேல போனா அண்ணன் தருவானா, நீங்க தருவீங்களா?”

“நீ சொல்லுதது சரிதான்,” என்றாள் பொற்கொடி இனிமையாக. “இன்னும் ஒரே ஒரு பாட்டு பாடிட்டு வாரேன்.”

அப்போதுதான் முகில் மேடையின் ஓரத்தில் ஏறினான். செண்பகா பார்த்துவிட்டாள், அவள் கால் நகர்வதற்குள் அவன் வழுக்கிவிட்டான். தாடை மேடை விளிம்பில் அடித்தது. ரத்தம் சட்டையில் சொட்டியது. அவன் விழுந்த இடம் பொற்கொடியின் காலடி. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவன் எழுந்தான், அம்மாவைத் தாண்டி ஓடினான், செண்பகாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீறிட்டான்.

பொற்கொடி அவனைப் பார்த்தாள். ரயில் ஜன்னல் வழியே வயலில் நிற்கிற யாரோ ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல அந்தப் பார்வை இருந்தது.

“ஐயோ பாவம்,” என்றாள்.

செண்பகா என்ன கத்தினாள் என்று அவளுக்கே பின்னால் நினைவில்லை. கூடத்தில் பாட்டு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள், அது ஏதோ நாடகம் என்று நினைத்து.

மருத்துவ அறையில் தாடைக்குக் கட்டுப் போட்டார்கள். முகில் விசும்பி விசும்பி அவள் தோளில் சாய்ந்தான். அவன் மூச்சு சீராகும்வரை செண்பகாவுக்கு மூச்சு வரவில்லை. உள்ளே நடுங்கிய பதைப்பில் பெரும்பங்கு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏற்றும்போதே தெரிந்துவிட்டது. அண்ணன் தந்தது ஒரு கைப்பிடி. மீதி மலை முழுதும் மதினியுடையது.

“அம்மாட்ட திரும்பச் சொல்லாதீங்க, அத்தை,” என்றாள் நிறைமதி. “சொன்னா சிரிப்பா.”

“அது கப்பல்ல மட்டுந்தான்டா. ஊருக்குப் போனதும் சரியாயிரும்.”

“நீங்க திருப்பிக் குடுத்தாத்தான சரியாகும்? ஜெசிந்தா அக்கா சொன்னத நானும் கேட்டேன்லா.” கொஞ்ச நேரம் கட்டிலின் விளிம்பைச் சுரண்டினாள். “குடுக்காட்டி நீங்க எங்க வீட்டுக்கே வந்துருவீங்களா?”

செண்பகா எழுந்தாள். நேராகப் போய் பிள்ளைகளைப் பொற்கொடியின் அறைக் கதவருகே நிறுத்தி, அவள் வெளியே வந்ததும், “உங்க பிள்ளைகளப் பிடிங்க. நான் மாற்றறையில இருப்பேன். வந்தா வாங்க, வராட்டி போங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்தத் தாழ்வாரத்தைக் கடப்பது கோபுரத்தில் கயிறில்லாமல் இறங்குவதுபோல் இருந்தது. மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். கோபம் ஒன்றுதான் அவளைத் தள்ளிக்கொண்டுபோனது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். வட்ட ஜன்னலில் கடல் பொன்னாகி, செம்பாகி, மங்கிக்கொண்டிருந்தது. தொலைவில், கரைக்கு அருகே, கடலில் நட்ட காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தன. மெல்ல மெல்லச் சுழன்றன. ஒரு காலத்தில் அவளுடையதாக இருந்த ஏதோ ஒரு கிரகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கதவு திறந்தது. பொற்கொடி.

ஜெசிந்தா சட்டென்று எழுந்துவிட்டாள்.

“அண்ணன்?” என்றாள் செண்பகா.

“வாத்துப் பந்தயம் நடக்குதாம். அவுக பங்கையும் நானே வாங்கிக்கிடுதேன். முன்னயும் நாந்தான வச்சிருந்தேன்.” பொற்கொடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இன்னும் அந்தத் தெளிவு இருந்தது. ஆனால் கணக்கு ஒன்று தப்பாக வருவதைக் கண்டுபிடித்தவளைப்போல் நெற்றி சுருங்கியிருந்தது. “அவன் என் கண்ணு முன்னாலதான் விழுந்தான். எனக்கு ஒண்ணும் தோணல. தோணியிருக்கணும்லா? அவன் என்னத் தாண்டி உங்கிட்ட ஓடுனான். அதுக்கும் ஒண்ணும் தோணல. ஏதோ தப்பா இருக்குன்னு மட்டும் தெரியுது. வலிக்கல. ஆனா தெரியுது.”

அவள் வலது உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்தாள். தகட்டின் ஒரு பாதி ஒளிர்ந்தது.

இத்தனை நாளாக இந்த ஒளிக்காகத்தான் செண்பகா தொண்டை கிழியக் கத்தினாள். கையைத் தூக்கினாள்.

“பிள்ளைக எங்க, மதினி?”

“வெளிய. படிக்கட்டுல விளையாடுதாங்க.”

கை அந்தரத்தில் நின்றது. படிக்கட்டு. தாடையில் கட்டு. ஈரச் செருப்பு. மூடாத கதவு. எல்லாம் ஒரே நொடியில் பற்களோடு எழுந்து நின்றன. இவளிடமா கொடுப்பது? பிள்ளை விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவளிடமா? கொடுத்துவிட்டால் இவளுக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும், பழையபடி காப்பாள் என்று செண்பகாவின் அறிவுக்குத் தெரியும். ஆனால் கொடுக்கும் அந்தக் கணம்வரை எதிரே இருப்பவள் பதைப்பில்லாதவள். பதைப்பில்லாத ஒருத்தியின் கையில் பிள்ளைகளை விடாதே என்பதுதானே பதைப்பு அறிந்த ஒரே பாடம். அவளைத் தடுத்தது மதினியின் பதைப்பேதான். பொற்கொடியின் பயமே பொற்கொடியை நம்ப மறுத்தது.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அண்ணன் மேல், கம்பெனி மேல், தன் சொல்லுக்கு அடங்காத தன்னுடைய இந்தக் கையின் மேல். கீழே இறக்கப் பார்த்தாள். விரல்கள் மடங்கிக்கொண்டன. ஜன்னலில் கோபுரங்கள் இருட்டில் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கு ஏற்றிக்கொண்டன.

“அக்கா, பூட்டுற நேரம்,” என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

தகட்டின் பாதி இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பொற்கொடி கையை எடுக்கவில்லை. சிரிப்பு எங்கோ போயிருந்தது. முன்னால் குனிந்து, செண்பகாவின் மடங்கிய விரல்களைப் பார்த்தபடி, மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை மறந்துவிடுவோமோ என்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

“எம் பிள்ளைகள எங்கிட்ட குடுத்துரு, செண்பகா.”