இடது கன்னம்

பிரஷ் ஈரமாக இருந்தது.

ஒதிலியா அதைத் திரும்பவும் தொட்டுப் பார்த்தாள். குளியலறைத் தட்டில், கிண்ணத்துக்கு மேலே தலைகீழாகத் தொங்கிய சவர பிரஷ்ஷின் நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு, விழவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. ஃபவுஸ்தினோ இறந்து ஐந்து நாளாகிவிட்டது. எத்லா ஊரின் மார்ச் மாத வெயிலுக்குக் காலையில் துவைத்துப் போட்ட போர்வையே மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அன்றைக்கு நனைத்த பிரஷ் இன்னும் ஈரமாக இருக்க ஒரு நியாயமும் இல்லை.

குழாய் ஒழுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குழாயைத் தடவிப் பார்த்தாள், காய்ந்து கிடந்தது. விரலை மோந்தாள். பாதாம் சோப்பு வாசனை, இப்போதுதான் குழைத்ததுபோல.

பிரஷ்ஷை உதறித் துடைத்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். சவப்பெட்டி இருந்த இடத்தில், சிவப்பு ஓட்டுத் தரையில், சுண்ணாம்புப் பொடியால் இட்ட சிலுவை கிடந்தது. தலைமாட்டில் மெழுகுவத்தி, இரண்டு பக்கமும் சம்பங்கி. ஒன்பது நாளைக்கு அது அங்கேதான் இருக்கும். அதுவரை வீட்டைப் பெருக்கக் கூடாது, கண்ணாடியில் போட்ட துணியை எடுக்கக் கூடாது. போனவர் இன்னும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார். ஒன்பதாம் நாள் மாலை ஜபம் சொல்லிச் சிலுவையைத் தலை, கை, கால், நெஞ்சு என்று பகுதி பகுதியாக வழித்தெடுத்துப் பெட்டியில் போட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். அப்போதுதான் அவர் கிளம்புவார்.

இத்தனை நாளும் அதுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இருக்கட்டுமே, என் வீட்டுக்காரர்தானே என்று, இருட்டில்கூடப் பயமில்லாமல் நடமாடினாள். பிரஷ்ஷைத் தொட்டபிறகு அந்த ஆறுதல் போய்விட்டது. அவரிடம் அவளுக்கு ஒரு கணக்குப் பாக்கி இருந்தது, அது அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஃபவுஸ்தினோ ஊர் பேண்டில் பெரிய ஊதுகுழல் வாசித்தவர். நாற்பது வருஷமாகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, மடக்குக் கத்தியைத் தோல்வாரில் தீட்டி, மழமழவென்று வழித்துக்கொண்டுதான் வாசல்படி இறங்குவார். பதினோரு மாதம் முன்பு மூளையில் ரத்தம் கட்டி வலது கை விழுந்தது. இடது கையால் இடது கன்னத்தை எப்படியோ வழித்துக்கொண்டார். வலது கன்னத்துக்கு அந்தக் கை வளையவில்லை. அவர் தங்கை எனெதினா கடையில் விற்கும் பிளாஸ்டிக் ரேசரை வாங்கிக் கொடுத்தாள்.

"இது காரட் சீவறதும்மா, மூஞ்சிக்கு இல்ல," என்று குழறலாகச் சொல்லித் தள்ளிவிட்டார்.

அதனால் ஒதிலியா கற்றுக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதில். முதல் நாள் அவர் ஒரு பலூனை ஊதச் சொல்லி, அதன்மேல் நுரையைப் பூசி அவள் மடியில் வைத்தார்.

"முதல்ல இதுக்குச் சவரம் பண்ணு."

"பலூனுக்கா?"

"வெடிக்காமப் பண்ணிட்டா என் மூஞ்சியத் தர்றேன்."

ஏழு பலூன் வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் அலறினாள், நுரை அவள் மூக்கிலும் சுவரிலும் தெறித்தது. அவர் பாதி வாயால் சிரித்தார்.

"ஏழு புருஷனக் கொன்னுட்ட. அடியே ஒதி, எட்டாவது நான்டி."

எட்டாவது பலூன் வெடிக்கவில்லை. கத்தியைத் தோலோடு ஏறக்குறையப் படுக்கவை, அழுத்தாதே, அதன் கனமே போதும், மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடி, மயிர் போகிற பக்கமே போ. காதால் செய் என்பார். சரியாக இறங்கினால் காய்ந்த சோளத்தோலை உரிக்கிற சத்தம் வரும், சத்தம் நின்றால் கையும் நிற்க வேண்டும். வலது கன்னம் அவளுக்கு, இடது கன்னம் அவருக்கு. ஒரு முகத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்ட அந்த நாலு மணிதான் அவர்கள் கல்யாணத்திலேயே நல்ல நேரம் என்று அவளுக்குத் தோன்றும்.

"இந்தப் பக்கமும் எனக்குச் சொல்லித் தாங்களேன்."

"திங்கக்கெழம. அதுவரைக்கும் எனக்கும் கொஞ்சம் வேல இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, நாவிதரக் கூட்டிட்டு வரட்டா?" என்று எனெதினா கேட்டாள்.

"வேண்டாம். அந்த முகத்துல நான்தான் கை வைப்பேன்."

அது அன்பா, வீம்பா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வலது கன்னத்தை அழகாக வழித்தாள். இடது கன்னத்தில் நாலு இழுப்புகூட ஆகவில்லை. கை மாறியது, கோணம் நிமிர்ந்தது, காதுக்குக் கீழே கத்தி இறங்கிவிட்டது. ஒரு விரல் நீளத்துக்குத் தோல் விரிந்தது. அவள் பஞ்சை எடுத்துக்கொண்டு ரத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ரத்தம் வரவில்லை. வெள்ளையாக, கடித்த கொய்யாக்காயின் உள்புறம்போல, சும்மா திறந்து கிடந்தது. அப்போதுதான் அவர் செத்துவிட்டார் என்பது அவளுக்கு உறைத்தது. நுரையைத் துடைத்தாள். தலையை இடப்பக்கம் திருப்பி, அந்தக் கன்னத்தைத் தலையணைக்குள் அமுக்கி, சம்பங்கியைச் செருகி மறைத்தாள்.

"முடிஞ்சுதா அண்ணி?"

"முடிஞ்சுது."

பேண்டு வாசித்தது. நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூடத் தாடியோடு வாசல்படி இறங்காத மனுஷன் பாதி முகத்தோடு ஊர்வலம் போனார்.

ஆறாம் நாள் நாலு மணிக்கு அவள் அடுக்களையில் சாக்லேட் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சாயங்கால ஜபத்துக்கு வருகிறவர்களுக்கு. கிண்டுவதை நிறுத்திய ஒரு கணத்தில் குளியலறையிலிருந்து அது கேட்டது. தோல்வாரின்மேல் இரும்பு வழுக்கிப் போகும் சத்தம், ஒரு புரட்டு, திரும்பி வரும் சத்தம், மறுபடி ஒரு புரட்டு, எண்ணிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும், முப்பது. பிறகு மௌனம். பானையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அவள் அசையவில்லை.

ஏழாம் நாள் சுண்ணாம்புச் சிலுவையின் இடது கையில் மட்டும் மிளகுத்தூள் தூவியதுபோல என்னவோ கிடந்தது. குனிந்து பார்த்தாள். நரைத்த மயிர்த்துணுக்குகள். பெருக்கவும் முடியாது, ஊதவும் முடியாது. சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எட்டாம் நாள் ஜபம் முடிந்தபின் எனெதினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அண்ணன் கனவுல வந்தாரு. சுவத்தப் பாத்துட்டு நிக்கிறாரு. எவ்வளவு கூப்பிட்டும் மூஞ்சியத் திருப்ப மாட்டேங்குறாரு. வெக்கப்படுற மாதிரி."

ஒதிலியாவின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. ஜபம் சொல்லும் தோன் எலாதியோ மெஸ்கால் சாராயக் கிளாஸை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஏதோ ஒண்ணு அரைகுறையா நிக்குதுன்னு அர்த்தம். தெரிஞ்சவங்க யாராவது நாளைக்குச் சிலுவைய எடுக்கறதுக்குள்ள முடிச்சு வச்சிடுங்க. எடுத்தப்புறம் வழி அடைஞ்சு போகும். அவரு எங்க போவாரு பாவம்?"

யாரோ தாடியைச் சொறியும் சத்தம் கேட்டது. கரகர, கரகர. கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோருடைய கைகளும் மடியில் இருந்தன.

ஒன்பதாம் நாள் மூன்றரைக்கே வெந்நீர் வைத்தாள். நாற்காலியைக் குளியலறை ஜன்னலோரம் போட்டாள், துண்டை நனைத்துப் பிழிந்தாள், சோப்பைக் குழைத்தாள், தோல்வாரைக் கொக்கியில் மாட்டி முப்பது முறை அவளே தீட்டினாள். வெளியே காற்றில் மாமரம் உரசிக்கொண்டிருந்தது, தெருக்கோடியில் யாரோ வாணலியைத் தேய்த்தார்கள், அதெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் நுரைக்குமிழிகள் உடையும் நுண்ணிய சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு வீடு நிசப்தமானது.

"வாங்க," என்றாள். "முடிச்சுடறேன்."

நாற்காலியின் பிரம்பு முனகியது. உட்காரும் இடம் மெல்லக் குழிந்தது.

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. பிரஷ்ஷை நீட்டினாள். காற்றில் அது எதன்மேலோ பட்டு நின்றது. பூசினாள். வெறும் வெளியில் நுரை பிடித்துக்கொண்டது. தாடையின் வளைவு. கன்னம். காதுமடலின் கீழ்நுனி. பாதி முகம் மட்டும், வெள்ளையாக.

தோலை இழுத்துப் பிடித்தாள். குளிர்ச்சி.

படுக்கவை. அழுத்தாதே.

சோளத்தோல் சத்தம்.

கத்தியில் நரைமயிர். துடைத்தாள். இன்னொரு இழுப்பு. இன்னொன்று. இடது கன்னம் இப்போது அவளுக்கு வந்தது, யாரும் சொல்லித் தராமலே கை வளைந்தது. மூன்றாவது இழுப்பில் குளிர்ச்சி குறைந்தது. நாலாவதில் அவள் மணிக்கட்டில் மூச்சுப் பட்டது. பாதாம், புகையிலை, அவர். பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் அவள் கைக்குள் இருந்தார்.

காதுக்குக் கீழே, வெட்டுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பட்டை பாக்கி. இரண்டு விரல் அகலம்.

அதை வழித்தால் அவர் போய்விடுவார்.

வாசலில் தட்டினார்கள்.

"அண்ணி! எல்லாரும் வந்தாச்சு, கதவத் திறங்க!"

நாற்காலியில் இருந்தது கழுத்தை நீட்டிக் கொடுத்தது. காத்திருந்தது. ஒதிலியா கத்தியை மடக்கினாள்.

"நாளைக்கு," என்று அழுதுகொண்டே சொன்னாள். "நாளைக்குப் பண்ணிக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன்."

தோன் எலாதியோ சிலுவையின் தலையை எடுத்தார், கைகளை எடுத்தார், காலை எடுத்தார், கடைசியில் நெஞ்சை எடுத்தார். பெட்டியை மூடினார்கள். எனெதினா தரையைக் கழுவித் துடைத்தாள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஒதிலியா அன்று நன்றாகத் தூங்கினாள், அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு, தலைவாரி, நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு, வெந்நீரோடு போனாள்.

அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இந்தமுறை முழுசாகத் தெரிந்தார், வெயிலில், சாம்பல் நிறமாக. நேற்றைய நுரை ஓடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு கன்னத்திலும் தாடி மண்டியிருந்தது.

"ஃபவுஸ்தினோ."

அவர் அவளைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாகக் கூடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலுவை இருந்த இடத்தை. கழுவிய வெறும் ஓடுகளை.

"இதோ. இதோ முடிச்சுடறேன். போயிடுங்க."

வழித்தாள். வலது கன்னம், இடது கன்னம், அந்தப் பட்டை. மழமழவென்று. காத்திருந்தாள். நாற்காலி அசையவில்லை. கத்தியைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

முளைத்திருந்தது.

மறுபடி வழித்தாள். முளைத்தது. கத்திக்குப் பின்னாலேயே முளைத்தது. வழித்தாள். துண்டு நிறைந்தது. அவள் மடி நிறைந்தது. வெந்நீர் ஆறிவிட்டது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது, பார்வை மட்டும் தரையைவிட்டு எழவில்லை.

மயிர் அவள் கணுக்காலைத் தொட்டது. அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டு குனிந்தாள், தோலை இழுத்துப் பிடித்தாள். காதுக்குக் கீழே திறந்து கிடந்த அந்த வெள்ளை வெட்டுக்குள்ளேயும் மயிர் முளைத்துக்கொண்டிருந்தது.