பதினேழு சீட்டுகள்

சுண்டெலிக்குப் பத்து வயது. சந்து பொந்து எல்லாம் நுழைந்து வருகிறாள் என்று அக்கா வைத்த பெயர் அது.

பள்ளி விட்டதும் அவள் பழைய கோட்டைச் சுவருக்கு ஓடுவாள். அங்கே மண்ணைத் தோண்டிப் பழங்காலப் பொருள்களைத் தேடினார்கள். கிடைப்பதைப் பதிவேட்டில் எழுதுவது அப்பாவின் வேலை.

போன வருடம் வரை அக்காவும் வருவாள். அப்பா வேலை முடிக்கும்வரை இருவரும் கல்லிடுக்கில் முளைத்த காட்டுச் செடிகளுக்குப் பெயர் வைப்பார்கள். தொட்டால் விதையைத் தெறிக்கவிடும் புளியாரைக்கு 'கோபக்காரி'. ஒரே ஒரு பூ பூப்பதற்கு 'ஒண்டிக்கட்டை'. இப்படிப் பதினேழு வகை!

இப்போது அக்கா தூரத்து ஊரில் நர்சிங் படிக்கிறாள். போனில் முதலில் கேட்பதே, "கோபக்காரி நல்லா இருக்காளா?" என்றுதான். அந்தச் சுவரடியில் தனியாக உட்காரும்போது சுண்டெலி பதினேழு பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள்.

அன்று அப்பா, "நாளைக்கு எங்க மேலதிகாரி மேடம் வராங்க. சுவர்ல இருக்கிற செடியெல்லாம் பிடுங்கணுமாம்" என்றார்.

"எல்லாமா?"

"ஆமா. வேர் விட்டா கல்லு பேந்துடும்."

"மரக்கன்னு வேருதான்ப்பா பேர்க்கும். இதுக்கெல்லாம் நூல் மாதிரி வேரு."

"உத்தரவும்மா. நான் என்ன பண்றது?"

சுண்டெலிக்கு அழுகை முட்டியது. அக்கா லீவுக்கு வந்து கேட்டால் மொட்டைச் சுவரையா காட்டுவது?

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டுச் சில்லோ பாசிமணியோ, எது கிடைத்தாலும் அந்த இடத்தில் எண் போட்ட சீட்டு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். மேடம் பார்க்கும்வரை அதில் யாரும் கை வைக்கக்கூடாது.

"அப்பா, கொஞ்சம் சீட்டு தாயேன்."

"எதுக்கு?"

"படம் வரையத்தான்."

பொய்யில்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு செடியை வரைந்தாள். எண் போட்டாள், பெயர் எழுதினாள், வகைக்கு ஒன்றாகக் கட்டினாள். சுவரில் முளைத்திருந்த ஐந்து மரக்கன்றுகளைத் தானே பிடுங்கிப் போட்டாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை; சுண்டெலியும் அப்பாவோடு வந்திருந்தாள். காலையில் வேலைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"அடேங்கப்பா! சுவர் முழுக்கச் சீட்டு! உள்ளே பெரிசா ஏதோ இருக்கு!"

மேடம் வந்தபோது நான்கு பேர் கோபக்காரியைச் சுற்றிப் பயபக்தியோடு தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கிடைச்சுது?" என்றார் மேடம்.

"தெரியலை மேடம். இதுவரைக்கும் செடிதான் வருது."

அப்பா சீட்டைப் பார்த்தார். மகளின் கையெழுத்து! அவர் முகம் வெளுத்துப்போனது.

சுண்டெலி முன்னால் வந்தாள். "நான்தான் கட்டினேன் மேடம். அப்பாவுக்குத் தெரியாது. கல்லைப் பேர்க்கிற மரக்கன்னையெல்லாம் நானே பிடுங்கிட்டேன். இதுங்க சுவரை ஒண்ணும் பண்ணாது. வேணும்னா வேரைப் பாருங்க."

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். வேரைப் பார்த்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார். பதினேழு சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

பிறகு புளியாரை இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"எங்க ஸ்கூல் மதில்ல இது நிறைய இருந்துச்சு" என்றார் மெல்ல. "அந்த மதிலே இப்போ இல்லை."

வேலையாட்களிடம் திரும்பினார். "மரக்கன்னு முளைச்சா மட்டும் எடுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும். இந்தப் பதினேழையும் பதிவேட்டில ஏத்துங்க."

அப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"ஆனா ஒரு தப்பு இருக்கு" என்று மேடம் சுண்டெலியிடம் பேனாவை நீட்டினார். "கண்டெடுத்தவர் பேரு எங்கே? அது இல்லாம பதிவு செல்லாது."

சுண்டெலி சுவரடியில் உட்கார்ந்து, பதினேழு சீட்டுகளிலும் எழுதினாள். முதலில் அக்காவின் பெயரை, அதன் பக்கத்திலேயே தன் பெயரை.