நீலக்கிளியின் மஞ்சள் குடை

திங்கட்கிழமை காலை பெய்த மழையில் கிருஷ்ணவேணியின் பள்ளிக்கூடமே மஞ்சளாகிவிட்டது.

திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் கூடவே மழையும் வந்துவிடும். அதனால் இந்த வருடம் நீலக்கிளி மசாலா கம்பெனி எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் குடை கொடுத்திருந்தது. பளிச்சென்ற மஞ்சள் நிறக் குடை. நடுவில் ஒரு நீலக்கிளி. அதன் கீழே கம்பெனியின் பெயர், தெருக்கோடியிலிருந்தும் படிக்கும்படி.

எல்லாக் குடையும் ஒரே மாதிரி இருந்ததில் ஒரு சிக்கல். சாயங்காலம் மணி அடித்ததும் எது யாருடைய குடை என்று வராந்தாவில் ஒரு சண்டை நடக்கும். கடைசியில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதுவும் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

மழைதான் விளையாட்டைக் கெடுத்தது. குடையின் ஓரத்திலிருந்து மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீர் சொட்டியது. வெள்ளைச் சட்டைகளின் தோளிலும் முதுகிலும் மஞ்சள். சிலருக்கு மூக்குநுனியிலும் மஞ்சள். கணக்கு டீச்சர் வகுப்புக்குள் வந்து பார்த்துவிட்டு, எந்தக் கல்யாண வீட்டிலிருந்து எல்லாரும் வருகிறீர்கள் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

வேணியும் சிரித்தாள். பின்பெஞ்சு சுமந்த் வாயைத் திறக்கும்வரை.

"வேணி, குடையே இப்படிச் சாயம் போகுதே, உங்கப்பா அரைக்கிற மஞ்சப்பொடியும் சாயந்தானா?"

வேணிக்குக் காது சுட்டது. அவளுடைய அப்பா தங்கபாண்டிக்கு நீலக்கிளி கம்பெனியில்தான் வேலை. மஞ்சள் அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். சாயங்காலம் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவருடைய புருவத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கும். சொத்தைக் கிழங்கு ஒன்று கலந்திருந்தால்கூட மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"சாரமில்ல வேணி, விடு," என்றாள் பக்கத்தில் இருந்த நீது. மலையாளத்தில் அப்படிச் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் வேணிக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. மதியத்துக்குள் சுமந்தின் கேள்வி மற்ற வகுப்புகளுக்கும் போய்விட்டது.

வீட்டில் அம்மா பிரேமா சட்டையை வாங்கி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இங்க பாரு. மஞ்சக்கறைன்னா சோப்பு பட்டதும் செவக்கணும்லா? இது செவக்கவே இல்ல. வெறும் சாயம்."

வேணி சமையலறைக்கு ஓடினாள். கிழிந்த துண்டு ஒன்றில் மஞ்சள்தூளைத் தேய்த்து, அதன் மேல் ஈர சோப்பை வைத்தாள். அடுத்த நொடியே அந்த இடம் செங்கல் நிறமாகச் சிவந்தது. சட்டைக் கறை அப்படியே மஞ்சளாக இருந்தது.

இருட்டும் நேரத்தில் அப்பா வந்தார். அவர் ஒரு செய்தியோடு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கு வந்து, குடையோடு பிள்ளைகளை வீடியோ எடுக்கப்போகிறார்கள். அதில் வேணிதான் பேச வேண்டும் என்று மேனேஜர் உமாசங்கர் சொல்லிவிட்டாராம். சொல்ல வேண்டிய வரியையும் சொல்லி அனுப்பியிருந்தார்: 'நீலக்கிளி குடை மாதிரியே நீலக்கிளி மஞ்சளையும் நம்பலாம்.'

அம்மா குடைச் சாயம் ஒட்டிய சட்டையை விரித்துக் காட்டினாள். அப்பா அதை வாங்கி, கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அந்த வரிய நான் எப்படிப்பா சொல்ல?" என்று வேணி கேட்டாள்.

"உள்ளதச் சொன்னா என் வேலைக்கு எதும் வந்துருமோன்னு பயமா இருக்கு மக்ளே. பொய்யச் சொல்லச் சொன்னா, நாளைக்கு உன் மொகத்தப் பாக்க பயமா இருக்கு."

அப்பா பயந்து வேணி பார்த்ததில்லை. அன்று அவள் நெடுநேரம் யோசித்தாள். எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தால் சுமந்த் கைதட்டுவான். ஆனால் அப்பா தலைகுனிய வேண்டியிருக்கும். அந்த வரியைச் சொல்லிவிட்டால் சுமந்த் கேட்டது உண்மை போலவே ஆகிவிடும். இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது. மூன்றாவதாக ஒரு வழி கிடைத்ததும்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். முதலாளி பகவதிப்பெருமாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். உமாசங்கர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். கறை இல்லாத சட்டைக்காரர்கள் மட்டும் முன்வரிசைக்கு வரலாம் என்றார். காய்ச்சலால் திங்கட்கிழமை பள்ளிக்கு வராத ஒரே ஒரு பையன் மட்டும் முன்னால் வந்து நின்றான். சுற்றிப் பார்த்துவிட்டு அவனும் பின்னால் போய்விட்டான்.

வேணியின் முறை வந்தது. கேமராக்காரர் தயார் என்றார்.

வேணி கேமராவைத் தாண்டி நேரே முதலாளியிடம் போனாள். குரலைத் தாழ்த்தி, "சார், கேமரா இல்லாம உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்," என்றாள்.

உமாசங்கர் வேகமாக வந்தார். முதலாளி அவரைக் கையால் நிறுத்திவிட்டு, வேணியோடு குழாயடிக்கு நடந்தார்.

வேணி பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். ஒரு மூலையை நனைத்துக் குடையில் தேய்த்தாள். இன்னொரு மூலையில் நீலக்கிளி மஞ்சள்தூளைத் தேய்த்தாள். இரண்டு மூலைகளிலும் சோப்பைப் போட்டாள். ஒன்று சிவந்தது. ஒன்று சிவக்கவில்லை.

"செவந்தது நம்ம மஞ்சள் சார். செவக்காதது குடைச் சாயம். குடையப் பாத்துட்டு, மஞ்சளும் சாயம்னு எல்லாரும் பேசுறாங்க. எங்கப்பா அரைக்கிற மஞ்சள் அது. அதான் அந்த வரிய என்னால சொல்ல முடியல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. குடை வேண்டாம் என்று சொல்வதாக முதலாளி நினைத்துவிடுவாரோ? அப்பாவைத் திட்டுவாரோ?

பகவதிப்பெருமாள் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேணியின் குடையை வாங்கி விரித்துப் பிடித்துக்கொண்டார். குழாயடியில் இருந்த வாளியைக் காட்டி, "ஊத்தும்மா," என்றார்.

"சார், உங்க சட்டை..."

"பிள்ளைங்க சட்டை மட்டும் சட்டை இல்லியா? ஊத்து."

வேணி ஊற்றினாள். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் இறங்கியது. பள்ளிக்கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முதலாளியின் மீசையிலிருந்து ஒரு மஞ்சள் சொட்டு விழுந்ததும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

"உமாசங்கர், உமக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

உமாசங்கர் தரையைப் பார்த்தார். நம் மசாலா பாக்கெட்டின் மஞ்சள் நிறமே குடையிலும் அச்சு அசலாக வேண்டும் என்று முதலாளிதான் சொன்னாராம். நல்ல துணியில் அந்த நிறம் கிடைக்காது என்று குடைக்காரர் சொன்னாராம். அதை முதலாளியிடம் வந்து சொல்ல உமாசங்கருக்குத் தைரியம் வரவில்லை. சாதாரணத் துணியில் சாயம் ஏற்றச் சொல்லிவிட்டார்.

"அப்போ தப்புல பாதி என்னோடது," என்றார் முதலாளி. "என் கிட்ட வந்து சொல்ல உமக்கே பயம்னா, பிள்ளைங்க எப்படிச் சொல்லும்? இந்தப் பிள்ளை சொல்லிட்டுது."

அவர் பிள்ளைகளின் முன்னால் போய் நின்றார். சாயம் போகாத குடையும், எல்லாருக்கும் புதுச்சட்டையும் வரும் என்றார். இந்தத் தடவை உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன் என்றும் சொன்னார். கறுப்புக் குடை போதும் என்று பல குரல்கள் வந்தன.

அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுல பேர் போடட்டுமா? ஓரமா, சின்னதா?"

வேணி சொன்னாள், "போடுங்க சார். ஆனா எங்க பேரைப் போடுங்க. ஒவ்வொரு குடையிலயும் ஒவ்வொருத்தர் பேர். அப்பத்தான் சாயங்காலம் சண்டை வராது."

முதலில் சிரித்தவர் கணக்கு டீச்சர். அப்புறம் எல்லாரும்.

வீடியோவும் எடுத்தார்கள். அதில் பகவதிப்பெருமாள் அதே மஞ்சள் சட்டையோடு நின்று, நாங்கள் கொடுத்த குடை சாயம் போய்விட்டது, மாற்றிக் கொடுக்கிறோம் என்றார். பக்கத்தில் வேணி கைக்குட்டையை வைத்துக்கொண்டு சோப்புச் சோதனையைச் செய்து காட்டினாள். அதைச் சுமந்தும் பார்த்தான். திங்கட்கிழமை அவன் வீட்டிலிருந்து மஞ்சள்தூளும் சோப்பும் கொண்டுவந்து, வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தானே கண்டுபிடித்ததுபோலக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஜூலையில் புதுக்குடைகள் வந்தன. பிள்ளைகள் சேர்ந்து கேட்டதால் 'பகவதிப்பெருமாள்' என்று பெயர் போட்ட ஒரு குடை முதலாளிக்கும் போனது.

அடுத்த பெரிய மழை ஒரு சாயங்காலம் வந்தது. மணி அடித்ததும் அவரவர் பெயரைப் படித்து அவரவர் குடையை எடுத்துக்கொண்டார்கள். வாசல் முழுக்கக் கறுப்புக் குடைகள், வெள்ளைச் சட்டைகள். அந்தக் கூட்டத்தில் மஞ்சளாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மகளைக் கூப்பிட வந்து, வாசலில் நனைந்துகொண்டே சிரித்த அப்பாவின் புருவம்.