இறந்தவள் விண்ணப்பிக்கிறாள்!

"உங்க பொண்ணு இறந்துட்டா சார்... உடனே புறப்பட்டு வாங்க!"

போனை எடுத்தது சார் அல்ல. சாரின் பொண்ணு!

ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்துக்கான தன் விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். அப்பா உள்ளறையில், பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பல்லைக் காட்டக் கூடாது என்று யாரோ ஒரு வாண்டுவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். அதனால் அவருடைய போனை அவள் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"யாருங்க நீங்க? எந்தப் பொண்ணு?"

"பல்கலைக்கழக லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் பேசறேம்மா. முதல் வருஷ மாணவி..."

குரல் ஒரு பெயரைச் சொன்னது. இனிஷியலோடு. பிறந்த தேதியோடு.

அவளுடைய பெயர். அவளுடைய பிறந்த தேதி!

"ஹலோ... அது நான்தாங்க! நல்லா குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். போன வருஷம் உங்க பல்கலைக்கழகத்துல எனக்கு சீட்டே கிடைக்கல. இப்ப செத்தாவது உள்ள வந்துட்டேனா?"

எதிர்முனையில் ஒரு விம்மல். லைன் துண்டிக்கப்பட்டது.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளறைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா சிரிக்கவில்லை.

கேமராவை ஸ்டூல் மேல் வைத்தார். தரையில் அப்படியே உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அப்பா! என்னப்பா இது? நான் இங்கதானே நிக்கறேன்! யாரோ ஆளை மாத்திச் சொல்றாங்கப்பா!"

"ஆமாம்மா... ஆமா... மாத்தித்தான்..."

சத்தம் கேட்டு, ஸ்டுடியோவுக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார் அப்பா.

"ஏன்? அவளும் வரட்டும்! விண்ணப்பத்தை எப்படியும் நேர்ல குடுக்கணும்ல? இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது!" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. பிறகு தணிந்தது. "எனக்குத் தலை சுத்துது. நான் வரல. நீ போய்ட்டு வாடி கண்ணு."

ஐந்து மணி! அதுதான் அவளுடைய உயிர் ஊசலாடும் இடம்.

பள்ளியில் மார்க்குக்குக் குறைவே இல்லை. அப்படியும் போன வருஷம் கிடைக்கவில்லை. ஒரு வருஷமாக அடுத்தவர் முகங்களைக் கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவர்கள் பஸ் பாஸுக்குப் போட்டோ எடுக்க வந்தால் பின்கட்டுக்கு ஓடிவிடுவாள். இந்த முறையும் நழுவினால் அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டவர்களை அந்தப் பல்கலைக்கழகம் ஏறெடுத்தும் பார்க்காது.

★

"வாங்க. நீங்கதான் செத்துப் போனவங்களா?"

பிணவறை வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரம்மா கேட்ட முதல் கேள்வி அது. ஆள் குள்ளம். நாக்கு நீளம்.

துணி விலக்கப்பட்டது.

அவள் வீறிட்டாள்!

அது அவள் முகம் இல்லை. ஆனால் அவள் மூக்கு! அவள் நெற்றி! அவளே ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தால் இப்படித்தான் இருப்பாள்.

"யாருன்னு தெரியுதா?"

"பாத்ததே இல்லங்க! எப்படி... எப்படி செத்தா?"

"விஷம். டீயில கலந்து குடுத்திருக்காங்க. ராத்திரியே முடிஞ்சிருக்கு, காலையில அறைத்தோழி எழுப்பிப் பாத்திருக்கா. சார், உங்களுக்குத் தெரியுதா?"

அப்பா தலையை ஆட்டினார். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். இன்ஸ்பெக்டரம்மா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரை மட்டும் ஒரு பார்வை பார்த்து வைத்தாள்.

"ஆபீசுக்குப் போவோம் வாங்க. இந்தப் பொண்ணு எப்படி உள்ள வந்தான்னு அங்கதான் தெரியும்."

★

சேர்க்கைப் பிரிவின் கண்காணிப்பாளரை மாணவர்கள் அவருடைய சொந்தப் பெயரில் அழைத்ததே இல்லை. 'விதிமுறை' என்றுதான் சொல்வார்கள். மனிதர் அதைப் பட்டம் போலவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

அவள் நீட்டிய விண்ணப்பத்தைத் தொடாமலேயே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

திரையில் அவள் பெயர். அவள் மார்க். பிணவறையில் பார்த்த முகம்!

"இந்த மதிப்பெண்ணுக்குப் போன வருஷமே சேர்க்கை நடந்திருக்கும்மா. ஒரே ஆளு ரெண்டு தடவை சேர முடியாது."

"சார், அது நான் இல்ல! வேற யாரோ!"

"கம்ப்யூட்டர் நீங்கங்குது."

"அவ செத்துட்டா சார்!"

"அதையும் காலையிலேயே பதிவு பண்ணியாச்சு. பதிவுப்படி செத்தது நீங்க. செத்தவங்ககிட்ட விண்ணப்பம் வாங்க விதியில்ல. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதும் இல்ல."

"சார்... கும்பிட்டுக் கேக்கறேன் சார்..." கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். "இன்னிக்கு விட்டா எனக்கு வேற கதியே இல்ல சார்!"

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்துக்கு விதியில் இடமில்லை.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். போன வருஷம் விண்ணப்பம் போட்டது யாரும்மா?"

"அப்பா. எங்க ஏரியாவுல எல்லாருக்குமே அப்பாதான் ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுப்பாரு."

"அதுல போட்டோவை ஏத்தினது?"

"அப்பாதான்..."

"சீட்டு கிடைச்சா மெசேஜ் எந்த நம்பருக்கு வரும்?"

"அப்ப என்கிட்ட போன் கிடையாது. அப்பா நம்ப..."

அவள் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா... காலையில போன் வந்தப்ப நான் உங்க முன்னாலயே நின்னேன்ல? அப்புறம் நீங்க யாருக்காகப்பா அழுதீங்க?"

கண்காணிப்பாளர்கூடத் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டார்.

"அவளும் என் பொண்ணுதாம்மா" என்றார் அப்பா.

"அப்பா!"

"உன்னைவிட ஆறு மாசம் சின்னவ. அவ அம்மாவை நான் ஊரறிய வெச்சுக்கல... ஒளிச்சு வெச்சேன். அவளுக்கு மார்க் வரல. உனக்கு வந்துது. உனக்கு வீடு இருக்கு, நான் இருக்கேன். அவளுக்கு என் இனிஷியல்கூட இல்லம்மா! முகச்சாயல் இருக்கு, யாருக்கும் தெரியாதுன்னு அவ போட்டோவை ஏத்தினேன். அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டு, அடுத்த வருஷம் உன்னைச் சேத்துடலாம்னு..."

"எப்படிப்பா? நான்தான் ஏற்கெனவே சேந்துட்டேனே! இன்னொரு தடவை எப்படிச் சேப்பீங்க?"

அப்பா திருதிருவென்று விழித்தார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த மனுஷன். இந்தச் சின்னக் கணக்கை அவர் யோசிக்கவே இல்லை!

"நான் மண்டு, எனக்கு மார்க் பத்தலன்னு ஒரு வருஷமா தலகாணியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அழுதேன். பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் குடுத்தீங்களேப்பா!"

"சார், ஆள்மாறாட்டம். ஜீப்ல ஏறுங்க" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "கொன்னதும் நீங்கதானா?"

"நான் ஏம்மா கொல்லப் போறேன்! வராத படிப்பை உருண்டு புரண்டு படிச்சு வகுப்புல முதலா வந்திருந்தாம்மா! போன வாரம்தான் என் போனுக்கு மெசேஜ் வந்துது..."

அவர் அழுத அழுகையில் பொய் இருப்பதாக இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

★

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார் கண்காணிப்பாளர், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "இவதான் நிஜமான ஆளு, உயிரோட இருக்கான்னு பெத்தவங்க நேர்ல வந்து, அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டா... பழைய பதிவை நிறுத்தி வெச்சுட்டு இந்த விண்ணப்பத்தை வாங்கிக்கலாம். இந்தப் பதிவுல தில்லுமுல்லு பண்ணினதே அவருங்கறதால அப்பா போட முடியாது. அம்மா வரணும்."

அவள் தன் போனை அவசரமாக எடுத்தாள்.

"அம்மா! உடனே வாம்மா! நீ வந்து கையெழுத்துப் போட்டாதான் என்னைச் சேத்துப்பாங்க!"



"நானே வரணுமாடி? அங்கயேவா?"

"அம்மா, ப்ளீஸ்மா! நீ வரலன்னா நான் செத்தது செத்ததுதான்!"

"...வரேன்."

வந்தாள். மணி நாலரை தாண்டியிருந்தது. புடவைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புருஷனைப் பற்றி மகள் அழுதுகொண்டே சொன்னபோதுகூட ஏனென்று கேட்கவில்லை. அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

"எங்க போடணும்?"

பேனா கைக்கு வந்தது...

அப்போது கதவு திறந்தது!

காலையிலிருந்து மயங்கிக் கிடந்து, இப்போதுதான் எழுந்து வாக்குமூலம் கொடுக்க வந்த ஹாஸ்டல் வார்டன். அம்மாவைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஐயோ அம்மா! நேத்து சாயங்காலம்தானே ஃபிளாஸ்க்ல டீயெல்லாம் எடுத்துக்கிட்டு ஆசையா வந்து பொண்ணைப் பாத்துட்டுப் போனீங்க! இப்படி ஆகும்னு யாரு கண்டா!"

பேனா கீழே விழுந்தது.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்தாள். "வார்டன், அம்மான்னு சொல்லிக்கிட்டு யாரு வந்தாலும் ரூமுக்கு விட்டுடுவீங்களா?"

"அதெப்படி மேடம்? பதிவுல இருக்கற அம்மா பேரும் அட்டையும் ஒத்துப்போனாதான் மாடிக்கு விடுவேன். அந்தப் பொண்ணைப் பாக்க அத்தைன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தி அடிக்கடி வருவா. அட்டையில பேரு ஒத்துப்போகாது. கேட்டோட நிறுத்திடுவேன். பாவம், அழுதுட்டுப் போவா. இவங்க அட்டை அப்படியே ஒத்துப்போச்சு!"

பெற்றவளை வாசலில் நிறுத்திவிட்டு, கொன்றவளை மாடி வரை அழைத்துப்போன விதி அது!

"அம்மா...?" மகள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

அம்மா முக்காட்டை விலக்கினாள். இனி எதை மறைக்க?

"'உங்கள் மகள் முதலிடம், வாழ்த்துகள்'னு மெசேஜ் வந்துது. உங்கப்பா குளிக்கப் போயிருந்தாரு. நான்தான் முதல்ல பாத்தேன். எம்மக உள்ள உக்காந்து எவனோ மூஞ்சியைக் கத்தரிச்சுக்கிட்டிருக்கா... யாருக்குடி வாழ்த்து? வந்து பாத்தேன். உன் பேரை வெச்சுக்கிட்டு, எம்புருஷன் மூக்கோட உக்காந்திருந்தா!"

"அவ என்னம்மா பண்ணினா..."

"கால்ல விழுந்தா. அம்மான்னு கூப்பிட்டா. மன்னிச்சுடுங்க, போயிடறேன்னா. மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். டீ ஊத்திக் குடுத்தேன்."

"ஏம்மா! போறேன்னு சொன்னாளேம்மா!"

"எத்தனை நாள் கழிச்சுப் போவா? உனக்கு இன்னிக்குக் கடைசி நாளாச்சே! சீட்டு காலியானா உனக்குத்தானே சேரணும் அது!"

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா... நடுவுல காலியாகற சீட்டு கடைசி வரைக்கும் காலியாவேதான் கிடக்கும். யாருக்கும் குடுக்க மாட்டோம்."

அந்த ஒரு வாக்கியத்தை நேற்று யாராவது சொல்லியிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும். மகளுக்காக இடத்தைக் காலி செய்யப் போனவள், பதிவேட்டில் மகளையே காலி செய்துவிட்டாள்.

பெண் கான்ஸ்டபிள் அம்மாவுக்கு விலங்கை மாட்டி ஜீப்புக்கு அழைத்துப் போனாள். அப்பா ஏற்கெனவே அங்கே இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மேசை மேல் கையெழுத்தில்லாத காகிதம். சுவரில் ஐந்தை நெருங்கும் முள்.

"இனி அந்தம்மா கையெழுத்து செல்லுமா?" இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்.

கண்காணிப்பாளர் யோசித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு ஆழமாக அவர் யோசித்ததில்லை.

"'பெற்றோர்'னுதான் விதியில இருக்கு. 'கொலை செய்யாத பெற்றோர்'னு இல்ல."

மகள் காகிதத்தைப் பார்த்தாள். அங்கே ஒருத்தி துணிக்கடியில் கிடக்கிறாள். தங்கை! அவளைக் கொன்ற கையிடமா போய் நீட்டுவது? தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வேண்டாம் என்று மனசு சொன்னது. கால்கள் ஓடின.

ஜீப் கம்பிக்கு வெளியே நின்று, மூச்சிரைக்க நீட்டினாள்.

"போடும்மா..."

அம்மா போட்டாள். மகளின் கையைத் தொட முயன்றாள். மகள் காகிதத்தை மட்டும் உருவிக்கொண்டு திரும்பி ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள்.

கவுன்ட்டர் மூடவில்லை. கண்காணிப்பாளர் முத்திரையை மையில் தோய்த்து, கையை உயர்த்தி... நிறுத்தினார். அடையாள அட்டையைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகலியே... கோணல்மாணலா இருக்கு?"

இன்ஸ்பெக்டரம்மா இடுப்பிலிருந்து இன்னொரு ஜோடி விலங்கை எடுத்து அவர் மேசை மேல் டங்கென்று வைத்தாள்.

"இதை மாட்டிக்கிட்டு நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க சார்... அச்சடிச்ச மாதிரி வருதான்னு பாக்கலாம்!"