புங்கங்குடாவுக்குப் போகும் வழி

சம்பூர் பஸ் என்னையும் இரண்டு உர மூட்டைகளையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனபோது மத்தியானம் தாண்டியிருந்தது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் திருகோணமலை, அங்கிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், மூதூரிலிருந்து இது. சொந்த வாகனம் இல்லாதவர்களும் காட்டிலும் கடற்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று காட்டுவதுதான் எங்கள் யூடியூப் சனலின் வேலை. எங்கள் என்றால் நானும் டிலுக்ஷனும். தை மாதம் எங்களுக்குக் கலியாணம். கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடை மட்டும்தான் என்பது எங்கள் சட்டம். ஓட்டோ பிடித்தால் பார்க்கிறவர்கள் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

திருகோணமலையில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் பஸ் மாறினேன். என் வீடு உப்புவெளியில் இருக்கிறது. கலியாணத்துக்கு முன்னமே பிள்ளை அவனோடு கூடாரத்தில் தங்கப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் கதை தேவாலயத்துப் பங்குச் சுவாமி வரைக்கும் போகும்.

டிலுக்ஷன் போன மாதம் தனியாக வந்து, புங்கங்குடா என்ற இந்தக் கடற்குடாவில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போனவன். சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்றான். இந்த முறை இரவு வேலை இருப்பதால் தான் விடிய வெளிக்கிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்துவிடுவதாகவும், நான் முன்னால் போய் வெளிச்சத்திலேயே கூடாரத்தை அடிக்க வேண்டும் என்றும் சொன்னான். கடை, வாய்க்கால், தாழம் புதர், கரும்பாறை என்று வழி முழுவதையும் குரலில் பதிந்து அனுப்பியிருந்தான். ஒரு பிழை இல்லை. இவ்வளவு அக்கறையோ என்று நான் பூரித்துப்போனேன்.

பஸ் நிற்கும் இடத்துக் கடை பாக்கியரத்தினம் அக்காவுடையது. தண்ணீர் நிரப்பித் தந்தபடியே, போன மாதமும் ஒரு தம்பி கமராவோடு வந்ததாகச் சொன்னார். மறுநாள் விடியச் செருப்பில்லாமல் ஓடி வந்து, பஸ் வரும்வரை கடைக்குள்ளேயே பதுங்கியிருந்தானாம். பாம்பைக் கண்டிருப்பான், வெட்கத்தில் என்னிடம் மறைத்திருப்பான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். குடாவுக்கு மீன்பிடிக்காரர் போவதில்லையா என்று கேட்டேன். பகலில் போவார்களாம். பொழுதுபட முன்னம் வலையைச் சுருட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளிக்கிட்டுவிடுவார்களாம். ஏன் என்றதற்கு, அது அப்படித்தான் என்றார். வீடியோவில் சொல்ல நல்ல விசயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் ஒராளே, பிள்ளை?"

"இல்லையக்கா. அவரும் கடைசி பஸ்ஸில வாறார்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குடா உண்மையிலேயே அழகுதான். இரண்டு பக்கமும் தாழை, நடுவில் ஒரு கைக்குள் அடங்குகிற வெள்ளை மணல், தலைமாட்டில் பாறை. பாறையில் ஏறினால் மட்டும் போன் வேலை செய்தது. மூதூரில் பஸ் ஏறிவிட்டேன் என்று டிலுக்ஷன் செய்தி அனுப்பியிருந்தான். கூடாரத்தை அடித்தேன். சின்ன அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். வெயில் காட்டுக்குப் பின்னால் இறங்கியது. தூரத்தில் பஸ் வந்து திரும்பிய சத்தம் மெல்லக் கேட்டது.

பிறகு குருவிகள் ஓய்ந்தன. கடலும் ஓய்ந்தது. அலை வருவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. கனகாலம் பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்தது போல ஓர் ஈர மணம் தாழம் புதர்ப் பக்கமிருந்து வந்தது.

காய்ந்த தாழை ஓலைகள் நொறுங்கின. யாரோ நடந்து வந்து புதருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"மக்டலின்."

டிலுக்ஷனின் குரல். ஆனால் அவன் என்னை மகி என்றுதான் கூப்பிடுவான்.

"வந்திட்டியே?" என்று அந்தக் குரலே கேட்டது.

"ஓம். உங்க நிண்டு என்ன செய்யிறாய்? இஞ்சால வா."

புதர் அசையவில்லை.

"நீ வருவாய் எண்டு அவன் சொன்னவன்."

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். எவன் என்று கேட்டேன்.

"தனக்கு வர ஏலாதாம். உன்னை அனுப்புறன் எண்டவன்."

அதே குரல்தான். ஆனால் அந்தக் குரலுக்குள் மூச்சு இல்லை.

நான் பாறையில் ஏறியது எப்படி என்று எனக்கு நினைவில்லை. முழங்கால் இரண்டும் உரிந்திருந்தன. டிலுக்ஷனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். அவன் பேச முன்னம் அவனுக்குப் பின்னால் ரயில் ஒன்று கடகடவென்று போனது. வெள்ளவத்தையில் அவன் அறையைத் தாண்டிப் போகும் ரயில். அவன் வீட்டை விட்டே வெளிக்கிடவில்லை.

அவன் அழத் தொடங்கினான்.

"போன முறை வெளிக்கிடேக்க, பழக்கத்தில, சும்மா கடலைப் பாத்து, போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டன், மகி. பின்னால இருந்து ஆரோ, எப்ப எண்டு கேட்டது."

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அது அவன் அறைக் கதவடியில் வந்து, அவனுடைய குரலிலேயே, எப்ப, எப்ப என்று கேட்கிறதாம். கதவைத் திறக்காதவரைக்கும் உள்ளே வராதாம். திருப்பலி ஒப்புக்கொடுத்துப் பார்த்தானாம், அறை மாறியும் பார்த்தானாம். கடைசியில் தாங்க ஏலாமல், தனக்குப் பதிலாக வேறொரு ஆள் வரும் என்று சொல்லிவிட்டானாம். ஆர் என்று அது கேட்டதாம்.

"வேற ஆற்ற பேரைச் சொல்லுறது? எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

இதை அவன் அன்பாகச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கலியாணச் சேலைக்கு நிறம் பார்த்தபோதும், இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்று கையாட்டியபோதும், இவனுக்குத் தெரிந்திருந்தது. ஓர் இரவு மட்டும் இருந்துவிட்டு வா, அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று கெஞ்சினான். நான் போனை வைத்தேன்.

கூடாரம், கமரா, பை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பாறையின் மறுபக்கத்தால் இறங்கினேன். வாய்க்கால் பக்கம் போகிற ஒற்றையடிப் பாதை மங்கலாகத் தெரிந்தது. அந்த மணம் கூடவே வந்தது. நான் நடந்தால் ஓலை நொறுங்கியது. நின்றால் நின்றது.

குடா முடிகிற இடத்தில் அது மிக அருகில் வந்து, காதுக்குப் பின்னால் கேட்டது.

"போயிட்டு வாறியோ?"

வாசலில் நின்று அம்மா எத்தனை முறை கேட்டிருப்பா. பேசத் தெரிந்த நாளிலிருந்து இதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. நாக்கு தானாகவே புரண்டது. 'ஓம், போ' என்பது வரைக்கும் தொண்டைக்குள் வந்துவிட்டது.

உதட்டைக் கடித்தேன். இரத்தம் உப்புக் கரித்தது.

"இல்லை," என்றேன். "நான் போறன்."

விடைபெறும்போது 'வாறன்' இல்லாமல் வெறும் 'போறன்' என்பது, திரும்பி வராத செத்தவர்களுக்கு மட்டும் உரிய சொல். சின்னதில் தவறிச் சொல்லி வாயில் அடி வாங்கியிருக்கிறேன்.

பிறகு கொஞ்சம் தள்ளி, யோசிப்பது போல:

"அப்ப, அவன்?"

ஓடினேன்.

பாக்கியரத்தினம் அக்கா கதவைத் திறந்து, பாய் விரித்துத் தந்தார். காய்ச்சலோடு மறுநாள் மத்தியானம் வரை அவர் வீட்டில் கிடந்தேன். எழும்பியதும் அவர் தந்த காசோடு மூதூருக்குப் போய்க் கொழும்பு பஸ் ஏறினேன். வழி முழுக்க அழுதேன். அது பயத்தில் அழுத அழுகை இல்லை. ஏமாந்துபோனேன், அவ்வளவுதான். நான் நேசித்த அந்த மனிசன் என்னைப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறான், ஒரு பார்சலை அனுப்புவது போல.

கந்தளாயில் தேத்தண்ணிக் கடை முன்னால் பஸ்ஸை நிறுத்தி என்ஜினையும் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிப் போனார்கள். குளத்துப் பக்கம் வானம் சிவந்து கறுத்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. டிலுக்ஷன்.

கிசுகிசுத்தான். "மகி, கதவடியில உன்ர குரல் கேக்குது. திற, திற எண்டு சொல்லுது. நீயோ? நீ என்னை ஏச வந்தாலும் பரவாயில்லை. நீதான் எண்டு ஒருக்காச் சொல்லு. திறக்கிறன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

அப்போது அவனுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, என்னுடைய குரல் எனக்கே கேட்டது. அவனைக் கூப்பிட்டது. நான் எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுவேனோ, அவ்வளவு ஆசையாக.

"ஓம்," என்றேன். "நான்தான்."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். கதவு கிறீச்சிட்டது. பிறகு டிலுக்ஷன், அழுகை நின்று, நிம்மதியாக:

"ஏன் இப்பிடி நனைஞ்சுபோய் நிக்கிறாய்?"