முன்தொட்டியில் மூன்று தவளைகள்

நெல்சா சிரிமியா படகிலிருந்து இறங்கி நேராகக் காவல் நிலையத்துக்குள் வந்தாள். பாவாடையில் முழங்கால் வரை சேறு. இன்ஸ்பெக்டர் எஃபேமியா அப்போதுதான் வறுத்த மீனோடு உட்கார்ந்திருந்தார்.

“என் புருஷனைப் புடிச்சு உள்ள வச்சிருக்கீங்களே, அவரு கொலை பண்ணலைன்னு நீங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்.”

“நீயும் நகர மாட்டே, இந்த மீனும் இனி தொண்டையில இறங்காது. சொல்லு.”

சொல்ல அதிகமில்லை. ஆற்றோரத்தில் தவளைப் பண்ணை வைத்திருந்த ஒத்தோனியேல் முந்தாநாள் காலை கொட்டகைக்குள் செத்துக் கிடந்தான். தாடையில் சின்னக் காயம். அதன் வழியே தவளை விஷம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முந்தின நாள் சாயங்காலம் நெல்சாவின் புருஷன் எர்மின்சுல் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததைப் பண்ணை வேலைக்காரி லெய்தி பார்த்திருந்தாள். அவன் வீட்டில் வேட்டைக்கான ஊதுகுழலும் தவளை விஷம் தடவிய அம்புகளும் இருந்தன. அவன் இனத்தில் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் ஏன் போனாய் என்று கேட்டால் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான், பாவி.

“அங்க அவரு போயிருக்கவே மாட்டாரும்மா,” என்றாள் நெல்சா. “எங்க ஊரு மேலோடையில தவளையே இல்லாமப் போச்சு, வெளியாளுங்க திருடுறாங்கன்னு ஊர்க்கூட்டத்துல எழுந்து கத்தினதே நான்தான். புடிக்கிறவன் காலைத் தொழுமரத்துல மாட்டணும்னு சட்டம் போட வச்சேன். அவரு என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாரு.”

கான்ஸ்டபிள் யமீல்தான் படகை ஓட்டினான். கொலை வழக்கு என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததுமே சன்னலைக் காட்டினான்.

“அக்கா, இது வழியா ஊதியிருக்கான். ஒரே ஊது, ஆள் காலி!”

“வலை அடிச்சிருக்கே. ஓட்டை எங்கடா?”

யமீல் வலையைத் தடவிப் பார்த்துவிட்டு அசடு வழிந்தான். சன்னல் திட்டில் சவரக் கத்தி, கண்ணாடி, காய்ந்த நுரை. மேசையில் தவளை அனுப்பும் டப்பாக்கள், பாதிதான் நிரம்பியிருந்தன.

“அன்னிக்கு வாங்குறவங்க வர்றதா இருந்துச்சு,” என்றாள் லெய்தி. “அதான் சவரமும் அவசரம், அடைக்கிறதும் அவசரம். இதெல்லாம் இங்கயே பொறந்ததுங்கம்மா, விஷம் கிடையாது. நானும் அவரும் வெறுங்கையாலதான் எடுப்போம்.”

“அப்ப அந்தக் கையுறை யாருக்கு?”

பின்மூலையில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு தொட்டி. காலி. பக்கத்து ஆணியில் தடித்த ரப்பர் கையுறை தொங்கியது.

“அது அவரோட தொட்டி. கிட்ட போனாலே திட்டுவாரு.”

எஃபேமியா வாசலருகே இருந்த முன்தொட்டியின் மூடியை விரலால் தட்டினார். தீனி வருகிறதென்று மஞ்சள் தவளைகள் தத்தித் தத்தி ஓடிவந்தன. மூன்று மட்டும் இலைக்கடியில் பதுங்கியே இருந்தன. அதில் ஒன்றன் முதுகில் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“அடடே, குஞ்சு சுமக்குது!” என்று லெய்தி கையை உள்ளே விட்டாள். எஃபேமியா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“முட்டைய யாரு எடுக்குறது?”

“நான்தான். போட்ட உடனே எடுத்துக் குவளையில வச்சுடுவேன். பொரிக்கிறதே குவளையிலதான்...” சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

“அப்ப இந்த அப்பன் முதுகுல புள்ளைங்க எப்படி ஏறுச்சு? யமீல், ரெண்டு கோழி வாங்கிட்டு வா.”

ஒரு கோழியின் காலைக் கீறி, தட்டியதும் ஓடிவந்த தவளையின் மேல் தடவிய பஞ்சை வைத்தார். அது கோபமாகக் கொக்கரித்துவிட்டு மண்ணைக் கிளறப் போய்விட்டது. பதுங்கிய தவளையின் பஞ்சு பட்ட கோழி நாலு அடி வைப்பதற்குள் சரிந்தது.

நிலையத்துக்குத் திரும்பியதும் எர்மின்சுலை வெளியே கொண்டுவரச் சொன்னார். நெல்சா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் புருஷன் கொலை பண்ணல,” என்றார் எஃபேமியா. அவருக்கு மேலே பேசவே பிடிக்கவில்லை. “தவளை தானா விஷம் பண்றதில்ல. காட்டுல தின்னுற வண்டு, எறும்புல இருந்து சேர்த்துக்குது. கண்ணாடிக்குள்ள பொறந்து பழ ஈ தின்னு வளர்ந்ததுக்கு ஏது விஷம்? ஒத்தோனியேல் காட்டுத் தவளைய ரகசியமா வாங்கி, பண்ணையில பொறந்ததுன்னு வித்திருக்கான். அதுக்குத்தான் பின்தொட்டியும் கையுறையும். அன்னிக்கு முன்தொட்டியில காட்டுத் தவளை கிடந்தது அவனுக்குத் தெரியல. வெறுங்கையால எடுத்தான், அதே கையால சவரத்துல வெட்டின தாடை ரத்தத்தைத் துடைச்சான்.”

“முன்தொட்டியில யாரு போட்டா?” என்று கேட்டாள் நெல்சா.

கடைசியில் எர்மின்சுல் வாயைத் திறந்தான்.

“அவன் அப்போ இல்ல. மஞ்சத் தவளைன்னா விஷம்தானே? விஷமில்லாத மஞ்சத் தவளை உலகத்துல உண்டுன்னு நான் கண்டேனா? எந்தத் தொட்டியா இருந்தா என்னன்னு கொட்டிட்டேன்.”

“மேலோடைத் தவளையா?”

“கடைசி மூணு.”

நெல்சாவின் கை நழுவியது. “எதுக்குய்யா?”

“உன் அண்ணன் படகுல இருக்கிற மாதிரி ஒரு மோட்டார் வாங்கலாம்னு...”

யமீலுக்கு அப்போதுதான் உறைத்தது. கொலைகாரன் என்ற பெயரோடு இவன் கம்பிக்குள் கிடக்கத் தயாராக இருந்தது, நெல்சா வாயிலிருந்து இந்த ஒரு கேள்வி வராமலிருக்கத்தான்.

“எழுதிக்குங்கம்மா,” என்றாள் நெல்சா இன்ஸ்பெக்டரிடம். “இவரு அவனைக் கொன்னாருன்னே எழுதிக்குங்க. எங்க ஓடையைத் திருடினவனை அம்பால அடிச்சாருன்னு ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடப்பேன்.”

“அப்படி எழுத முடியாதும்மா. இவன் போகலாம்.”

நெல்சா படகுத்துறைக்கு இறங்கினாள். எர்மின்சுல் பின்னாலேயே ஓடினான். அவன் வந்து சேர்வதற்குள் அவள் துடுப்பால் கரையைத் தள்ளிவிட்டாள்.